சொல்லிக்கொண்டு போகிற வீடு

என் அருமை ஏகாம்பரம்,

நீ இருக்கும் இடத்தில் மயிலாப்பூர் வெயில் அடிக்காது என்று நம்புகிறேன். இங்கே பகல் பதினொரு மணிக்கே சுவர் சுடுகிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் கூடத்துக் கதவைத் திறக்க வேண்டும். அதற்குள் உன் அக்காளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து சமையற்கட்டு வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று தண்ணீர் கேட்டேன். மறுபடி போனபோது, "இன்னும் ஒரு லோட்டாவா?" என்றாள். பேசாமல் வாங்கிக் குடித்துவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். நாடகக் கம்பெனிக்கு மேடைத் திரைச்சீலையில் படம் எழுத நீ கொழும்புக்குப் போனாய். காய்ச்சல் என்று ஒரு தந்தி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அடுத்த தந்தி வந்தது. உடலைக் கொண்டுவர வழியில்லை. நாடகக்காரர்களோடு சுற்றுகிறவன் என்று உறவுக்காரர்கள் உன்னை ஏற்கனவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆகவே துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. உன் அக்காள் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். பொழுது சாய்ந்ததும் அவளே எழுந்து பாயைச் சுருட்டி வைத்தாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

கொஞ்ச காலம் கழித்து உன் டிரங்குப் பெட்டியைக் கம்பெனிக்காரர்கள் அனுப்பி வைத்தார்கள். திறந்து பார்த்தால் துணிமணி கொஞ்சம், படங்கள் நிறைய. மேடைக்காக அரண்மனையும் நந்தவனமும் எழுதினவன், உனக்கென்று எழுதிக்கொண்டது பூராவும் இந்த ஊரைத்தானா? அடையாற்று முகத்துவாரம், ராயப்பேட்டைச் சந்து, தூர்ப்பதற்கு முந்தைய மாம்பலம் ஏரி. கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவையும் நினைவிலிருந்தா எழுதினாய்? கேட்டால் சொல்ல நீ இல்லை.

அடியில் இன்னொரு படமும் இருந்தது. தெருக்குழாயடியில் இடுப்பில் குடத்தோடு உன் அக்காள். யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்த யாரோ நீதான் என்று எனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தபோது எழுதிய படம் அது. "உசுரோட கீறவளைச் சுவத்துல மாட்டுவியாடா? ஆயுசு கொறைஞ்சுடும்" என்று அன்றைக்கே உன்னை விரட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? இப்போதும் அதே பேச்சுத்தான். கோணியில் சுற்றிப் பரணில் போடச் சொல்லிவிட்டாள்.

போன வருஷம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். உத்தியோகம் விட்டவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் பையன்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள், சிலர் கோயில் குளத்தைச் சுற்றுவார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுள் முழுவதும் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன் நான். சுவரில் தேசப் படம் மாட்டித்தான் பிழைத்தேன். கோதாவரி எங்கே என்று கேட்டால், புத்தகம் படித்த பையன் ஒரு வரியை ஒப்பிப்பான். சுவரைப் பார்த்த பையன் எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டுவான். விரல் வைத்தவன் மறக்கமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் கச்சேரி ரோட்டில் முன்பு ஜவுளிக் கடையாக இருந்த இடத்தை எடுத்தேன். முன்கட்டில் நீளக் கூடம், பின்கட்டில் நாங்கள். வெளியே 'சித்திரசாலை' என்று பலகை. உன் படங்களோடு, இன்னும் பெயர் வெளியே தெரியாத பிள்ளைகள் மூன்று பேர் எழுதிய படங்களும். பார்க்கலாம், பிடித்தால் வாங்கிப் போகலாம்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் சிரித்தார். "பாக்கறதுக்குக் கோயில் இருக்கு, பயாஸ்கோப் இருக்கு. அசையாத படத்தை எவன்யா மெனக்கெட்டு வந்து பார்ப்பான்?" என்றார்.

ராயப்பேட்டை காதர் பாய்தான் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, ஒரு சாமி படம் கூட காணோம். தண்ணி, தோணி, மாடு. இத யாரு வாங்குவா?" என்றார்.

"மாம்பலத்துல ஏரியத் தூர்த்துப் புதுசு புதுசா வீடு எழும்புது, பாய். எல்லா வீட்டுலயும் சுவர் வெறுமனே இருக்கு."

"அப்ப சட்டத்த நல்லா தேக்குலயே போட்டுடறேன். படம் போவலன்னா சட்டமாச்சும் போவும்."

அழைப்புச் சீட்டு அடிக்கப் போனபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. படத்துக்குச் சட்டம் எப்படியோ, சீட்டுக்கும் அப்படி இருக்கட்டும் என்று நாலு பக்கமும் தடித்த கறுப்புக் கரை போடச் சொன்னேன். "கறுப்பா, ஐயா?" என்று அச்சுக்காரர் கேட்டார். "நல்ல கறுப்பா, பட்டையா" என்றேன். உள்ளே 'என் மைத்துனன் ஏகாம்பரத்தின் நினைவாக' என்று முதல் வரி. அதைப் படித்ததும் அவர் கறுப்பு மையை எடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் 'போயிட்டு வாங்க' என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

உன் அக்காள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் போட்டோ வாசல்லயே இருக்கணும். உள்ள வர்றவங்க மொதல்ல அவனைத்தான் பாக்கணும்." நியாயம்தானே? கப்பல் ஏறும் முன் நீ எடுத்துக்கொண்ட போட்டோவைப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மல்லிகை மாலை போட்டு, கீழே விளக்கேற்றி வைத்தாள். பக்கத்தில் ஒரு பாயும் போட்டாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

கதவைத் திறந்த நாளிலிருந்து ஜனம் வராமல் இல்லை. வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள்! குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். உன் போட்டோ முன்னால் கொஞ்சம் நின்றார்கள். கூடத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். காப்பி கொண்டுவந்தால், "வேண்டாங்க, இருக்கட்டும்" என்றார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்து உன் அக்காள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். என் மாணவர்கள், என்னிடம் சொல்லாமல் வகுப்பை விட்டு நகராத பிள்ளைகள், தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார்கள்.

படங்கள் பிடிக்கவில்லை, அதை என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். இடம் மாற்றி மாட்டினேன். ஏரியை வடக்குச் சுவருக்குக் கொண்டுபோனேன், ஆற்றைத் தெற்கே தள்ளினேன். பூகோளத்தையே புரட்டிப் போட்டும் ஒரு படம் விற்கவில்லை. மூன்று பிள்ளைகளில் முத்துவேலு என்று ஒருவன், தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "நல்ல கை. பாவம், போய்ச் சேர்ந்துட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "சார், நான் இன்னும் சாவலன்னு ஒரு பலகை எழுதி மாட்டட்டுமா?" என்று என்னிடம் வந்து கேட்டான். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. பையன் குறும்பு என்று விட்டுவிட்டேன்.

நேற்றுத்தான் வெளிச்சம் வந்தது. லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது சேஷாத்ரியைப் பார்த்தேன். என் பழைய மாணவன், இப்போது வக்கீல். மாம்பலத்தில் வீடு கட்டி முடித்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்திருக்கிறான். அவனும் வந்து, ஏரிப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, பேசாமல் போனவன்தான். மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "ஏண்டா, படம் நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லிட்டுப் போயேன். ஒரு வார்த்தை சொல்லிக்காம போற வழக்கம் எப்போ கத்துக்கிட்டே?"

அவன் திகைத்துப் போனான். "சார், துக்கம் கேக்க வந்த எடத்துல 'போயிட்டு வரேன்'னு எப்படி சார் சொல்றது? கறுப்புக் கரை போட்ட கார்டு வந்தது. எங்காத்துல அதைப் படிச்ச கையோட கிழிச்சு வாசல்ல போட்டுட்டா. வந்து பாத்தா மாலை, விளக்கு, பாய். மாமி உக்காண்டிருக்கா. நான் வேற என்னன்னு நெனச்சுக்கறது?"

"டேய், அது படம் விக்கிற இடம்டா."

"விக்கறதா?" என்றவன் முகம் மலர்ந்தது. "அந்த ஏரி படம் விலைக்கா சார்? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதறிப் போய் அடக்கிண்டேன்." உடனே முகம் சுருங்கியது. "நாளைக்கு நாலு மணிக்கு ஆத்துக்காரியைக் கூட்டிண்டு வரேன். ஆனா ஒண்ணு சார், நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. வாசல்ல அந்த மாலையும் விளக்கும் இருந்தா அவ படியேற மாட்டா. துக்க ஆத்துலேர்ந்து புது ஆத்துக்கு ஒரு துரும்பு கூடக் கொண்டுவர விடமாட்டா."

டிராம் வந்தது, அவன் ஏறிப் போனான். நான் ஏறவில்லை. நடந்தே வந்தேன்.

இப்போது புரிகிறதா, ஏகாம்பரம், நான் தண்ணீராகக் குடிப்பது ஏன் என்று? வாசலிலிருந்து உன்னை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இந்தக் கூடத்தில் ஒரு படமும் விற்காது, அந்தப் பிள்ளைகள் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பலகையை இறக்க வேண்டியதுதான். எடுத்தால்? இத்தனை வருஷம் கழித்து உன் அக்காளிடம் ஜனம் வந்து துக்கம் கேட்கிறது. அவள் முகத்தைப் பார்க்கிறேன். அழுதுவிட்டு எழுந்து போய் அவள் ருசித்துச் சாப்பிடுகிறாள். 'வந்தவர்கள் எல்லாரும் தவறிப்போய் வந்தார்கள்' என்று நான் எந்த வாயால் சொல்வேன்? நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? ஏதாவது ஒரு கேலி செய்து அவளைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்போடு சொல்லிவிடுவாய். எனக்கு அந்த வித்தை வராது.

எழுந்து போகிறேன். மணி ஒன்றாகப் போகிறது.

போனேன். சொல்லியும்விட்டேன். மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தையல், ஒரு விஷயம்" என்று அவளைப் பெயர் சொல்லி அழைத்தேன்.

"காத்தாலேர்ந்து தண்ணியா குடிக்கும்போதே தெரியும். சொல்லுங்க."

லஸ் முனையில் கேட்டதைச் சொன்னேன். கறுப்புக் கரை, பாய், சொல்லிக்கொள்ளாமல் போனது எல்லாவற்றையும். அவள் கை கீரையிலேயே நின்றது. நிமிரவில்லை.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"தெருக்கோடி வீட்டு ரங்கம்மா வந்தா. என் கையைப் புடிச்சிக்கினு அழுதா. போவும்போது திரும்பிக்கூடப் பாக்காம போனா. படம் பாக்க வந்தவளா அப்படிப் போவா?"

"அப்போ ஏன் சொல்லலே?"

"சொன்னா நிறுத்திடுவீங்க." கீரைக் காம்பு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். "அவன் போனப்ப ஒருத்தர் வரலைங்க. பாயைப் போட்டுக்கினு உக்காந்தேன். நாய் கூட எட்டிப் பாக்கலை. இப்ப வராங்க. தப்பா வந்தா இன்னா, வந்தாங்களே."

வகுப்பில் எப்போதாவது ஒரு பையன் தவறான படத்தைப் பார்த்துக்கொண்டே சரியான ஊரில் விரலை வைத்துவிடுவான். அவனுக்கு மதிப்பெண் கொடுப்பதா, வேண்டாமா என்று எனக்குக் கடைசி வரை தெரிந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன். பிறகு, "அப்படியே இருக்கட்டும், தையல். பலகையை இறக்கிடலாம். வர்றவங்க வரட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்த முத்துவேலு மூஞ்சியப் பாத்தீங்களா? படத்தைக் கொண்டாந்து மாட்டிட்டு தெனம் வந்து நிக்குது. எந்தம்பிக்கு ஆள் சேக்கறேன்னு அந்தப் புள்ளைங்களையும் சேத்துச் சாவடிக்கணுமா?" முறத்திலிருந்த கீரையை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "துக்கம்னா பதினாறோட முடிச்சுடுவாங்க. இவனுக்கு ஆரம்பிக்கவே ஆள் இல்ல. இப்பத்தான் ஆரம்பிச்சுது. அதான் முடிக்க மனசு வரல."

முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். "வாங்க" என்றாள்.

மாலையை அவளே கழற்றினாள். போட்டோவை நான் இறக்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஆணியிலிருந்து அவளே எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். விளக்கையும் பாயையும் நான் எடுத்துப் போனேன். சமையற்கட்டுக்கு எதிர்ச் சுவரில், அடுப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் உன்னை வைத்தோம். வாசல் சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, "பரண்ல ஏறுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஏறுங்கன்னா."

கோணியை அவிழ்த்து, குழாயடிப் படத்தை அந்த ஆணியில் மாட்டச் சொன்னாள். "ஆயுசு குறையும்னு சொன்னியே?" என்றேன்.

"கொறைஞ்சா கொறையட்டும். இருந்து இன்னா சீமையையா ஆளப்போறேன்? நான் பக்கத்துலயே நிக்கறேன். படத்தையும் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும். அப்பவும் துக்க வீடுன்னு நெனச்சா, அவங்க கண்ணுக்குத்தான் மருந்து போடணும்."

மணி மூன்று அடிக்கிறது. முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் நிலை கொள்ளவில்லை. அந்தப் படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, என் கண்தான் சாய்கிறதா? சேஷாத்ரி வருவானா? இரு, கதவைத் திறந்துவிட்டு வருகிறேன்.

வந்தார்கள், ஏகாம்பரம்.

சேஷாத்ரியின் மனைவி படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற உன் அக்காளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"மாமி, இது நீங்களா? யாரை இப்படி விளாசிண்டிருக்கேள்?"

"எழுதினானே, அவனைத்தான். எந்தம்பி. குடம் ரொம்பி வழியுது, நகர உடாம நிக்க வெச்சு எழுதினா திட்டாம கொஞ்சுவாங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. எங்கேயோ மூலையில் நின்ற முத்துவேலுவும் சிரித்தான். காப்பி வந்தது, குடித்தார்கள். கேசரியை இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். ஏரிப் படத்தின் முன்னால் போய், "இதுல நம்மாத்து எடம் எங்கேன்னா?" என்று அவள் கணவனைக் கேட்டாள். அவன் விழித்தான். பூகோள வாத்தியார் எதற்கு இருக்கிறேன்? முன்னால் போய் விரலை வைத்தேன். "இந்தத் தோணி நிக்குது பாரும்மா, இதுக்கு நேர் கீழேதான் உன் சமையலறை."

"அதான் கெணத்துல தண்ணி மேலேயே இருக்கு" என்றாள்.

ஏரி போய்விட்டது. காதர் பாய் சட்டத்தோடுதான் போயிற்று. அவரிடம் சொல்ல வேண்டும். படி இறங்கும்போது அந்தப் பெண் திரும்பி, "அப்போ போயிட்டு வரோம், மாமி" என்றாள். உன் அக்காள் "வாங்க, வாங்க" என்றாள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எண்ணாதே. நாளைக்கு யார் வருவார்கள், மழை வந்தால் வடக்குச் சுவர் ஒழுகுமா, முத்துவேலு படம் விற்குமா என்று உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. புதுச் சீட்டு அடிக்கக் கொடுக்க வேண்டும். கரை வேண்டாம் என்றும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தருவது தன் பொறுப்பு என்றும் உன் அக்காள் சொல்லிவிட்டாள். இந்தக் கடிதத்தையும் அவள் படித்துப் பார்த்தாள். "பத்திரிகைக்கு அனுப்புங்க. கார்டைக் கிழிச்சுப் போட்டவங்க எல்லாம் படிக்கட்டும்" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பலகையை என் கையால் இறக்கமாட்டேன். உன் படங்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறு வீடுகளுக்குப் போகும்; எந்த வீட்டில் எது இருக்கிறது என்று நான் நினைவில் வைத்திருப்பேன். குழாயடிப் படம் மட்டும் யாருக்கும் கிடையாது.

சற்று முன்பு உள்ளே அவள் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். உன் போட்டோவுக்கு முன்னால் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "முன்கட்டுக்குப் போயிட்டு வரேண்டா" என்றாள். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். நானும் எழுந்திருக்க வேண்டும்.

போயிட்டு வரேன், ஏகாம்பரம்.

உன் அக்காள் வீட்டுக்காரன்,
உன் மாமா